பதினொரு தாளில் ஆறாயியின் தோல்

பென்சிலின் முனை ஊசியைவிடக் கூராக இருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் இறுகவில்லை. நுனிகளில் தொங்கவிட்டாற்போலப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் பலகையில் ஊன்றியிருந்தன. சாய்வுப் பலகையின் நடுவே வெட்டிய சதுரத் துளையில் ஒரு புகைப்படக் கண்ணாடி பிளேட் நின்றது. கீழே வைத்திருந்த முகம்பார்க்கும் கண்ணாடி சன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்ப, பிளேட்டில் ஒரு பெண்ணின் முகம் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறித் தெரிந்தது. முகம் முழுக்கத் தடிப்பு. தடிப்பின் சிவந்த விளிம்பு பிளேட்டில் வெளிறிக் கிடக்கும். அங்கெல்லாம் பென்சில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீற்றுகளை இட்டு நிரப்பியது. உப்பிய நடுப்பகுதி கறுத்துக் கிடக்கும். அங்கே பென்சிலை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்த கை, மூச்சடக்கி, பிளேட்டின் பூச்சை ஒரு தூசளவு சீவியது. பிறகு இன்னொரு தூசளவு.

மத்தியானத்துக்கு முன்னம் முகம் கழுவித் துடைத்தாற்போல் ஆகிவிட்டது. நெற்றியில் ஒன்றுமில்லை. கன்னத்தில் ஒன்றுமில்லை. கழுத்தும் காது மடலும் அப்போதுதான் பிறந்த பிள்ளையுடையவைபோல மழுமழுவென்றிருந்தன. அந்தப் பெண்ணின் பிளேட்டுகள் மூன்று. மூன்றையும் முடித்து, மெல்லிய தாளில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கிய பிறகுதான் அந்தக் கைகள் ஒன்றையொன்று தேய்த்துச் சோம்பல் முறித்தன.

கைகளுக்குரியவள் இமெல்டா. கொட்டாஞ்சேனையில், லூசியா கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், தமையன் வீட்டின் முன்னறை அவளுக்கு வேலைத்தலம். வயது நாற்பதைத் தொட்டிருந்தது, கலியாணம் கட்டவில்லை. ஸ்டூடியோக்காரர் 'டச்சிங்' என்று சொல்லும் வேலையை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. பதினேழு வயதில் ஒரு ஸ்டூடியோவில் பிளேட் கழுவப் போனாள். உடைந்த, பழுதான பிளேட்டுகளைக் குப்பையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, பென்சிலால் நிரப்பி, ரெப்பன்டைன் எண்ணெயால் அழித்து, மறுபடி நிரப்பிப் பார்த்தாள். மூன்று வருஷம் அப்படியே போயிற்று. நாலாவது வருஷம் ஸ்டூடியோ முதலாளி ஒரு மாப்பிள்ளையின் பிளேட்டை அவள் கையில் கொடுத்தார். அம்மைத்தழும்பு நிறைந்த அந்த முகத்தை அவள் வழுவழுப்பாக்கித் திருப்பிக் கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பிரதி அதிகமாகக் கேட்டார்களாம்.

அதற்குப் பிறகு கொழும்பில் அவள் கைபடாத முகம் குறைவு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணமிடுவதும் அவள்தான். ஆனால் அவள் முகங்களைப் பார்த்ததெல்லாம் கண்ணாடியில், அதுவும் வெளிச்சம் நிழலாக மாறிய கண்ணாடியில். உயிருள்ள தோலை உற்றுப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு அந்த ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் வரைக்கும் வரவில்லை.

மரப்பெட்டி வெள்ளவத்தை ஸ்டூடியோவுக்குப் போய் நாலாம் நாள், ஒழுங்கை முனையில் ஒரு கார் வந்து நின்றது. கிராண்ட்பாஸில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர் ஸாலிஹ் கையில் ஒரு கடித உறையோடு இறங்கி வந்தார். வீடு வெள்ளவத்தையில், தொழில் கிராண்ட்பாஸில் என்று இரண்டு முனைக்கும் ஓடுகிற மனிதர், மெலிந்தவர், கோபம் வந்தால் குரல் ஏறாமல் இறங்கும்.

"இமெல்டாங்கிறது நீங்கதானே?"

"ஓம் டொக்டர். இருங்கோ. படம் சரியா வரேல்லையோ?"

"படம் நல்லா வந்திரிக்கி. அதுதான் கொழப்பமே." உறையிலிருந்து மூன்று படங்களை எடுத்து மேசையில் பரப்பினார். "நான் நோயப் படம் புடிச்சுக் கொடுத்தேன். நோயக் காணல்லயே! எங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

இமெல்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. முகம் கொண்ட பிளேட் எதுவானாலும் கேட்காமலே அவளிடம் அனுப்புவது ஸ்டூடியோவின் வழக்கம். வந்த முகத்தைச் சுத்தம் செய்வது அவள் வழக்கம். யாராவது தடிப்பையே படமாக்கிக் கேட்பார்கள் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"அழிச்சதை எடுக்கலாம் டொக்டர்," என்றாள் அவசரமாக. "ரெப்பன்டைன் போட்டால் பென்சில் போயிடும்." சொல்லும்போதே கத்தி ஞாபகம் வந்தது. குரல் தணிந்தது. "ஆனால் நடுவைச் சீவிப்போட்டன். அது திரும்பி வராது. விளிம்பு மட்டும் வரும். பார்க்கிறவைக்குக் கையால கீறின மாதிரித்தான் தெரியும்."

டொக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் இருந்ததே மூன்று பிளேட். யுத்தத்தால் கப்பல் சாமான் நின்றுபோய், ஸ்டூடியோக்காரரே இருப்பை எண்ணி எண்ணி எடுத்துக்கொண்டிருந்த காலம். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

படத்திலிருந்தவள் ஆறாயி. கிராண்ட்பாஸில் ஒரு தேயிலை ஸ்டோரில் காம்பு பொறுக்குகிறவள். வயது இருபத்திரண்டு, எட்டு மாதக் கைப்பிள்ளைக்காரி. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் உடம்பில் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்தது. விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் அந்தியில் ஸ்டோருக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர், எல்லோரும் 'சனிட்டரி மாத்தயா' என்று கூப்பிடுகிறவர், அவளை வரிசையிலிருந்து வெளியே எடுத்து, "முகத்தில் படை, காது மடல் தடிப்பு, கைவிரல் மடங்கவில்லை" என்று எழுதிவிட்டார். குஷ்டம் என்று சந்தேகம். ஹெந்தளையிலுள்ள தொழுநோய் மனையில் வைத்து ஆறு மாதம் பார்க்க வேண்டும். பிள்ளையைக் கூட வைத்திருக்க விடமாட்டார்கள்.

"காதுல கீறி எடுத்து மைக்ரோஸ்கோப்புல பாத்தேன். கிருமியில்ல. ஒருதரம் இல்லாட்டிப் போதாது, ஆறு மாசம் பாக்கணும்கிறது சட்டம். இன்னும் பத்து நாள்ல விசாரணை. மூணு டொக்டர்மார் இருப்பாங்க. அவங்க பகல்ல பாப்பாங்க. இவட தடிப்பு பகல்ல இரிக்காது. அந்திக்கு எழும்பி, அடுத்த நாள் உடியுறதுக்குள்ள போயிரும். இருந்த எடத்தில இரிக்கிறதும் இல்ல."

"அப்ப அது குஷ்டமில்லையே?"

"குஷ்டத்துத் திட்டு மாசக் கணக்கில அதே எடத்தில கெடக்கும். இது நடக்குது." டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்த லைன் வீட்டு ஆக்கள் அஞ்சு பேருக்கு, மூணு மாசத்துக்கு முந்தி, காய்ச்சலுக்கெண்டு எவனோ ஊசி போட்டிரிக்கான். அஞ்சு பேருக்கும் ஒரே ஊசி. நாலு பேருக்கு இப்ப மஞ்சக்காமாலை. அதில மூணு பேர் சொல்றாங்க, மஞ்சள் வாறதுக்கு முந்தித் தோல் தடிச்சு மூட்டு புடிச்சதாம். அஞ்சாவது ஆள் ஆறாயி. ஈரல் நோய்தான் தோலில மொதல்ல சொல்லுதுண்டு நான் நெனைக்கிறேன். நெனைக்கிறேன், அவ்வளவுதான். சாட்சியா இருந்தது அந்தியில புடிச்ச மூணு பிளேட்."

இமெல்டா மேசையிலிருந்த படத்தைப் பார்த்தாள். சிரித்துவிடுமோ என்றிருந்தது அந்தப் பளிங்கு முகம். அவள் கை செய்த வேலையில் இதைவிடச் சுத்தமானது இருந்திருக்காது.

"கண்ணால பார்த்து, தாளில வண்ணத்தில எழுதித் தந்தால் எடுப்பினமோ?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தாளிலயும் தேதி, நேரம் போட்டு, நானும் பாத்துக் கையெழுத்துப் போட்டா... எடுக்கணும். எடுக்காட்டியும் வேற வழியில்ல."

அன்றைக்கே அந்தியில் அவள் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு கிராண்ட்பாஸுக்குப் புறப்பட்டாள். தமையன் மனைவி நேசம் வாசலை மறித்து நின்றாள்.

"இருபது வருஷமாப் பரு அழிச்ச கை, இப்ப பருவைக் கீற வெளிக்கிடுது. அதுவும் பெருவியாதிக்காரியின்ர வீட்டில!"

"பெருவியாதி இல்லை மச்சாள். டொக்டர் சொல்லிப்போட்டார்."

"டொக்டருக்குக் கார் இருக்கு, ஏறிப் போயிடுவார். நீ என்ர குசினிக்குள்ள வரப்போறாய். வந்தால் பின்வாசலால வா. சவுக்காரம் கிணத்தடியில வைக்கிறன்."

வைத்தும் இருந்தாள். பதினொரு நாளும் இமெல்டா கிணற்றடியில் கை கழுவித்தான் உள்ளே போனாள்.

ஆறாயியின் வீடு ஒற்றை அறை. புருஷன் இராமர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். வந்தவளை எங்கே உட்கார வைப்பதென்று தெரியாமல் பலகையைத் துடைத்துத் துடைத்து வைத்தான். ஆறாயி பிள்ளையை மடியில் போட்டபடி சுவரோரம் குந்தியிருந்தாள். படத்தில் பார்த்ததைவிடச் சின்னவள்.

"குந்துங்கக்கா. பலகை ஒரு காலு ஆடும், பாத்து." பிறகு, "நீங்கதான் என் மூஞ்சிய வெள்ளையாக்கிக் குடுத்தவங்களா? டாக்டரையா காட்டுனாரு. இவரு பாத்துப்புட்டு, இது யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேக்குறாரு!"

இராமர் தலையைச் சொறிந்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் ஆறாயி கேட்டாள்: "என்னைய கொண்டுகிட்டுப் போயிருவாங்களாக்கா? புள்ள இன்னும் சோறு திங்கல. என் பாலுதான்."

இமெல்டா பென்சிலை எடுத்தாள். தாளை விரித்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. விளக்கு ஏற்றுகிற நேரம். ஆறாயியின் கை, மண்ணிறமான, சாதாரணமான ஒரு கை. இமெல்டா காத்திருந்தாள். திடீரென்று ஆறாயி முழங்கைக்கு மேலே சொறிந்தாள். "வருதுக்கா."

அந்த இடத்தில் தோல் முதலில் ஒரு மூச்சளவு கருஞ்சிவப்பானது. அவ்வளவுதான் என்று நினைத்தாள். பிறகு, அவள் கண் எதிரிலேயே, அது மேலே எழும்பத் தொடங்கியது. நடு வெளிறி உயர்ந்தது. விளிம்பு வளைந்து வளைந்து வெளியே நகர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டின் விளிம்புகளும் தொட்டு, தொட்ட இடம் கரைந்து, ஒரே தீவாயின. உள்ளேயிருந்து யாரோ பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் இத்தனை காலம் பென்சிலால் ஒரு நாள் முழுக்க நிரப்பி மூடிய ஒன்று, அரைமணி நேரத்தில் தானாகப் பிறந்து வளர்ந்தது. இமெல்டா சிலுவை போட்டுக்கொண்டாள். பென்சில் பிடிக்க மறந்துபோனாள்.

"என்னக்கா, பயமாருக்கா?"

"இல்லை பிள்ளை. நான் இதை ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனை ஆயிரம் அழிச்சிருப்பன், ஒண்டையும் பார்த்ததில்லை."

வரையத் தொடங்கியதும் அடுத்த சிக்கல் வந்தது. நாலாவது தடிப்பைக் கீறி முடிப்பதற்குள் முதலாவது மங்கிவிட்டது. ஆகவே மறுநாள் உடம்பின் முன்புறமும் பின்புறமும் கோட்டுருவமாகக் கீறிய தாளோடு வந்தாள். டொக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு தடிப்புக்கும் எழும்பிய நேரம், அடங்கிய நேரம் என்று இரண்டு குறிப்பு. அகலத்தை நூலால் அளந்து தாளில் வைத்துப் புள்ளியிட்டாள். அந்தியில் வண்ணத்தைத் தொடவே இல்லை. வண்ண வேலை விளக்கில் செய்யக்கூடாதென்பது அவள் தொழிலின் முதல் கட்டுப்பாடு. "பழுத்த ஜம்புப் பழம்", "பச்சைமண் ஓரம்" என்று தனக்கு விளங்குகிறபடி ஓரத்தில் எழுதிவைத்து, காலை வெளிச்சத்தில் சன்னலோரம் இருந்து வண்ணமிட்டாள். சில காலைகளில் மறுபடி கிராண்ட்பாஸுக்கு நடந்துபோய், தாளை ஆறாயியின் கையோடு ஒட்டிப்பிடித்துத் தோலின் நிறத்தைச் சரிபார்த்தாள். ஸ்டோரில் நிறுத்தி வைத்திருந்ததால் ஆறாயி வீட்டில்தான் இருந்தாள்.

நாலாம் நாள் ஒரு பழைய பிளேட்டை வெந்நீரில் போட்டுப் பூச்சை உரித்து, வெறுங்கண்ணாடியாக்கி எடுத்துவந்தாள். டொக்டர் அதைத் தடிப்பின்மேல் அழுத்திக் காட்டினார். கண்ணாடிக்கடியில் சிவப்பு வடிந்து தோல் வெறும் தோலானது. எடுத்ததும் சிவப்பு ஓடிவந்து தன் இடத்தைப் பிடித்தது. இமெல்டா அதைப் பத்துத் தடவை செய்துபார்த்தாள். பத்துத் தடவையும் அதே விளிம்பு, அதே வளைவு.

"ரத்தம் கொழாயிக்குள்ளதான் இரிக்கி. அமத்தினா ஓடுது," என்றார் டொக்டர்.

ஆறாம் நாள் முழங்காலுக்குக் கீழே, கடுகளவு ஊதாப் புள்ளிகள் கண்டன. கண்ணாடியை வைத்து அழுத்தினால் அவை போகவில்லை. டொக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது கொழாய விட்டு வெளியால கசிஞ்சது. எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. ஈரலுக்குள்ள இரிக்கிற ஒரு நோய்க்குக் காலில என்ன வேலை? ஆனா இரிக்கி. எழுதுங்க." இமெல்டா அறுபத்து மூன்று புள்ளிகளையும் ஒன்றையும் விடாமல் இட்டாள்.

எட்டாம் நாள் அந்தி, விளக்கு ஏற்றி ஒரு மணி நேரமாகியும் தோலில் ஒன்றும் எழும்பவில்லை. ஆறாயி விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினாள். நோவு விட்டுப்போயிருந்தது.

"போயிருச்சுக்கா! மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா!"

இராமர் சந்தோஷத்தில் தேநீர் போட்டுக்கொண்டு வந்தான். ஆறாயி மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "அதத் தூரமாக் கொண்டுபோங்க. கொமட்டுது. ரெண்டு நாளா தேத்தண்ணி வாடையே ஆகல."

"தேயிலைக்குள்ளேயே பொரண்டவளுக்குத் தேத்தண்ணி ஆவலயாம்!" என்று இராமர் சிரித்தான்.

இமெல்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டொக்டருக்கும் வரவில்லை. மூன்று நாளில் விசாரணை. தடிப்புமில்லை, மஞ்சளுமில்லை என்றால் மூன்று டொக்டர்மாரின் முன்னால் இருக்கப்போவது ஒரு வெறும் உடம்பும், ஒரு டச்சிங்காரி கீறிய தாள்களும்தான். சனிட்டரி மாத்தயாவின் எழுத்துக்குப் பக்கத்தில் அது எம்மட்டுக்கு நிற்கும்?

ஒன்பதாம் நாளும் தோல் வெறுமையாகவே இருந்தது. அந்தத் தாளில் நேரத்தை எழுதி, "ஒன்றுமில்லை" என்று போட்டாள். டொக்டர் கையெழுத்திட்டார்.

பத்தாம் நாள் காலை, முகத்துக்கென்று ஒதுக்கிய பதினோராவது தாளை முடிக்க அவள் கிராண்ட்பாஸுக்குப் போனாள். ஆறாயி வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். இமெல்டா தூரிகையில் வழக்கம்போல ஒரு துளி நீலத்தைத் தண்ணீரில் கரைத்தாள். கண்ணின் வெள்ளையை யாரும் வெறும் வெள்ளையாக விடுவதில்லை. உள்ளே நீலத்தின் சாயல் ஒன்று இருக்கும், அதை இட்டால்தான் படத்தில் கண் உயிரோடு பார்க்கும். ஆயிரம் மணப்பெண்களுக்கு இட்ட நீலம் அது. தூரிகையைத் தாளுக்குக் கொண்டுபோனவள் ஆறாயியின் கண்ணைப் பார்த்து நிறுத்தினாள்.

நீலம் இல்லை.

மஞ்சள் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. வெள்ளைதான். ஆனால் நேற்றுவரை இருந்த நீலத்தை ஏதோ ஒன்று வந்து அணைத்துவிட்டிருந்தது. வண்ணப்பெட்டியில் நீலத்தை எது அணைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆறாயி, மேல பார். நாக்கைத் தூக்கு, பிள்ளை." நாக்கின் அடியில் பழைய தந்தம்போல ஒரு நிறம். "சிறுநீர் என்ன நிறத்தில போகுது?"

ஆறாயி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "சாயத்தண்ணி மாதிரி போவுதுக்கா. இன்னைக்கு விடியக்காலம்பறயிலருந்து."

டிஸ்பென்சரிக்கு இமெல்டா நடந்து போகவில்லை, ஓடினாள். டொக்டர் வந்து, ஆறாயியை வெயிலில் நிறுத்தி, இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். முதலில் அவருக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது அவர் கை இமையிலேயே நின்றது.

"யா அல்லாஹ்," என்றார் மெதுவாக. "மூணு கெழமைக்கு முந்தித் தோல் சொன்னத, ஈரல் இப்பத்தான் வந்து ஒப்புக்கொள்ளுது."

விசாரணை மருதானைப் பக்கம் ஒரு அரசாங்கக் கட்டடத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று டொக்டர்மார். நடுவில் தலைமை டொக்டர், நரைத்த மீசைக்காரரான ஒரு பறங்கியர். சனிட்டரி மாத்தயா தன் குறிப்பை வாசித்தார். ஆறாயி பிள்ளையை இராமரிடம் கொடுக்காமல் தானே இடுப்பில் வைத்திருந்தாள்.

தலைமை டொக்டர் பத்துத் தாள்களையும் புரட்டினார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். டொக்டர் ஸாலிஹ் பதில் சொன்னார். மறுபடி அவர் சொன்னார். இமெல்டாவுக்கு எல்லாம் விளங்கவில்லையாயினும் "டிரோயிங்" என்ற சொல் இரண்டு தரம் வந்ததும், அது வந்த விதமும் விளங்கின. படம் யாரும் கீறலாம். பிறகு அவர் ஆறாயியைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையையும் முகத்தையும் பார்த்து, இமையை இழுத்துக் கண்ணையும் பார்த்தார். தலையை ஆட்டினார். "வைட்," என்றார். கண் வெள்ளைதானாம்.

டொக்டர் ஸாலிஹின் முகம் விழுந்துவிட்டது. ஆறாயி இமெல்டாவைப் பார்த்தாள்.

இமெல்டா மேலே பார்த்தாள். வானத்தால் குண்டு விழுமென்று பயந்து சன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்பு மை பூசியிருந்தது. நடுவில் ஒரு மின்சார பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள். இடம் பொருள் யோசிக்க நேரமில்லை.

"டொக்டர், இந்த வெளிச்சத்தில தெரியாது. பல்பே மஞ்சள், அது மஞ்சளைத் தின்னும். இதுக்குள்ள இருந்து நான் ஒரு படத்துக்கும் வண்ணம் போடமாட்டன். ஆறாயியை வெளியில கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

"இந்த நோனாவும் டொஸ்தரோ?" என்று சனிட்டரி மாத்தயா சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார்.

டொக்டர் ஸாலிஹ் அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். தலைமை டொக்டர் பல்பைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

வெளி வராந்தாவில் பத்து மணி வெயில் சாய்ந்து விழுந்தது. ஆறாயி கண்ணைக் கூசிக்கூசித் திறந்தாள். ஒரே நாளில் அது ஏறியிருந்தது. இப்போது யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. பிள்ளையின் கண்ணுக்குப் பக்கத்தில் தாயின் கண் எலுமிச்சைத் தோலாக இருந்தது. மூன்று டொக்டர்மாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். கடைசியில் சனிட்டரி மாத்தயாவும் எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தலைமை டொக்டர் தாள்களை வெளிச்சத்துக்கு எடுத்துவரச் சொன்னார். இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்து, முழங்கால் போட்டுக் குனிந்தார். ஒரு தடிப்பைக் கூட அதே இடத்தில் மறுநாள் காணோம். ஆறாம் தாளின் ஊதாப் புள்ளிகளை ஆறாயியின் காலோடு ஒப்பிட்டார். அவை இப்போது மங்கித் தவிட்டு நிறமாகக் கிடந்தன. இமெல்டா தன் வெறுங்கண்ணாடியை நீட்டினாள். அவர் வாங்கி, அழுத்தி, எண்ணினார். எண்ணிக்கொண்டே போனவர் முப்பதில் நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். மீதியை எண்ணவில்லை.

அவர் உள்ளே போய்க் குறிப்பின்மேல் எழுதி ஒப்பமிட்டதை டொக்டர் ஸாலிஹ் தமிழில் சொன்னார்.

"ஹெந்தளை இல்ல. ஊட்டுக்குப் போய்ப் படுத்துக் கெடக்கணும். எண்ணெய் வேணாம், சாராயம் வேணாம்."

"நான் எங்கங்க சாராயம் குடிச்சேன்!" என்றாள் ஆறாயி. பிறகுதான் மற்றது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. "புள்ள?"

"புள்ள உன்ட இடுப்பிலதானே இரிக்கி. அப்பிடியே கொண்டு போ."

ஆறாயி வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே அழுதாள். தடிப்பு ஒன்றும் இல்லாமலே அரிப்பு அன்று காலையிலிருந்து வந்திருந்தது. அதுவும் மஞ்சளின் வேலைதான் என்றார் டொக்டர்.

தலைமை டொக்டர் மேசையில் பதினோராவது தாளைக் கண்டு எடுத்துவந்தார். ஆறாயியின் முகம், எல்லாம் முடிந்து, இரண்டு கண்ணிலும் வெறும் தாள் தெரிந்தது. அவர் கேட்டதை ஸாலிஹ் மொழிபெயர்த்தார்: "இதெ ஏன் விட்டீங்கண்டு கேக்கிறார்."

"நேற்றுப் போட்டிருந்தால் இண்டைக்குப் பொய்யாப் போயிருக்கும். நேரத்துக்கு நேரம் ஏறுது. அவருக்கு முன்னால இருந்து போடலாமெண்டு விட்டனான்."

அவர் தலையசைத்தார். யாரோ ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். இமெல்டா வெயில் பார்த்து இருந்தாள். ஆறாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். பெட்டியில் நீலத்தை மூடி வைத்துவிட்டு, மஞ்சளில் முனையை மட்டும் தொட்டு, தண்ணீரில் கரைத்து, பழைய துண்டுத்தாளில் இட்டுப் பார்த்தாள். கூடிவிட்டது. இன்னும் தண்ணீர் சேர்த்தாள். ஆறாயியின் கண் அருகில் துண்டுத்தாளைப் பிடித்தாள். ஒரு சிட்டிகை பச்சை தேவைப்பட்டது, சேர்த்தாள். மூன்று டொக்டர்மாரும் அவள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலக்கண், பிறகு இடக்கண். ஓரத்தில் கொஞ்சம் கூட, கருமணியின் பக்கம் கொஞ்சம் குறைய. தாளின் அடியில் தேதியும் நேரமும் எழுதினாள். பத்து மணி நாற்பத்தைந்து.

எழுந்து, இரண்டு கையாலும் தாளைத் தலைமை டொக்டரிடம் நீட்டினாள்.

"ஈரம் காயேல்லை," என்றாள். "ஓரத்தில பிடிக்கச் சொல்லுங்கோ."

அவர் ஓரத்தில் பிடித்து வாங்கிக்கொண்டார்.